ஸ்டோரிபோர்டு வரைந்து பிழைக்க முடியுமா?

கேட்டிருப்பவர் கும்பகோணத்தில் கவின்கலைக் கல்லூரி கடைசி ஆண்டு மாணவர். கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: நன்றாக வரைவேன், சினிமா பிடிக்கும், தமிழ் சினிமாவில் ஃப்ரீலான்ஸ் ஸ்டோரிபோர்டு ஆர்ட்டிஸ்டாக, அதாவது எடுக்கப்போகும் காட்சிகளை ஷாட் ஷாட்டாகப் படம் வரைந்து கொடுப்பவராக, வாழ முடியுமா, அன்றாட வேலை எப்படி, பணம் எப்படி வரும், ஏ.ஐ. வந்த பிறகும் இதில் இறங்கலாமா?

வாழலாம். சினிமாவை மட்டும் நம்பினால் சிரமம். விளம்பரப் படம், வெப் சீரிஸ், அனிமேஷன், கேம் என்று நாலு பக்கமும் கை நீட்டி வைத்திருப்பவர்கள்தான் வருஷம் முழுக்க வாடகை கட்டுகிறார்கள். நானும் அப்படித்தான் ஓட்டுகிறேன்.

இந்தத் தொழிலில் நல்லது கெட்டது இரண்டுமே ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன: ஷூட்டிங் தொடங்கும்போது நம் வேலை முடிந்திருக்கும். கேமராமேனுக்கும் லைட்மேனுக்கும் வேலை தொடங்கும் நாளில் நமக்கு முடிந்துவிடுகிறது. அதனால் நமக்குப் பேட்டா கிடையாது, செட்டில் சாப்பாடு கிடையாது, யூனிட்டில் பாதிப் பேருக்கு நம் முகமே தெரியாது. பாக்கிப் பணத்துக்காக மேனேஜரைத் தேடிப் போகும்போது அவர் பொள்ளாச்சியிலோ ஹைதராபாத்திலோ ஷூட்டிங்கில் இருப்பார். "கொடுக்காவிட்டால் நாளைக்கு வரமாட்டேன்" என்று மற்றவர்கள் சொல்லலாம். நாம் சொல்ல முடியாது, நாளைக்கு நாம் வரவேண்டியதே இல்லையே! டைட்டில் கார்டு தயாராகும்போது நம்மை மறந்துபோவதும் இதனால்தான். பெரும்பாலும் அதில் கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது. ஒன்றரை வருஷம் முன்பு ஆபீஸில் உட்கார்ந்து வரைந்தவன் யாருக்கு ஞாபகம் இருப்பான்?

வேலை என்று வந்தால், முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் கழற்றிவிட வேண்டும். அழகாக வரைவது இந்த வேலையில் பாதிகூட இல்லை. டைரக்டர் மனதில் இருக்கும் காட்சியை, பணம் செலவாகும் முன்பே காகிதத்தில் எடுத்துப் பார்ப்பதுதான் வேலை. எது முடியாது, எங்கே இடிக்கும் என்பது அங்கேயே தெரிந்துவிட வேண்டும்.

உதாரணத்துக்கு ஒரு சீன். சௌகார்பேட்டை மாதிரிக் குறுகிய தெருவில் துரத்தல். டைரக்டர் சொல்கிறார்: "ஹீரோ ஓடி வர்றான், பின்னாடி நாலு பேர், மேலேருந்து ஒரு வைட். அப்புறம் ஒரு கடைக்குள்ளேருந்து லோ ஆங்கிள், ஷட்டர் இறங்குது, ஹீரோ கடைசி நொடியில உள்ளே உருண்டு வர்றான்." கேட்கும்போது எல்லாமே சரியாக இருக்கிறது. வரைய உட்கார்ந்தால்தான் கேள்விகள் கிளம்பும். மேலிருந்து என்றால் ட்ரோனா, மொட்டை மாடியா? ட்ரோனுக்கு அனுமதி வாங்க வேண்டும். மாடி என்றால் தெருவின் தெற்குப் பக்கத்து மாடி என்று வைத்துக்கொள்வோம். கேமரா வடக்கே பார்க்கிறது, ஹீரோ கிழக்கே ஓடுகிறான், திரையில் இடமிருந்து வலமாகப் போகிறான். கடை வடக்குப் பக்கம் இருந்தால் என்ன ஆகும்? கடைக்குள் இருக்கும் கேமரா தெற்கே பார்க்கும். அதே ஹீரோ, அதே ஓட்டம், திரையில் மட்டும் வலமிருந்து இடமாகப் போவான். இதைத்தான் லைன் கிராஸ் என்போம், கேமரா ஓட்டத்தின் மறுபக்கத்துக்குத் தாண்டிவிட்டது. பார்ப்பவனுக்கு ஹீரோ திரும்பி அடியாட்களை நோக்கி ஓடுவதுபோல் ஒரு நொடி குழம்பும், சீனின் வேகம் அங்கேயே செத்துவிடும்.

இதற்கு வழி உண்டு. கடையைத் தெற்குப் பக்கத்துக்கு மாற்றலாம். அது முடியாதென்றால் நடுவில் ஹீரோ நேரே கேமராவை நோக்கி ஓடி வரும் ஒரு ஷாட்டைச் செருகினால் பார்ப்பவன் கண் புதுத் திசைக்குப் பழகிக்கொள்ளும். இதை டைரக்டரிடம் சொல்ல வேண்டியது நாம். சொல்லும் விதம் முக்கியம், "சார், தப்பு" என்று சொன்னால் அடுத்த படத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். இரண்டையும் சின்னதாக வரைந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அவரே பார்த்துச் சொல்லிவிடுவார். நூறு பேர் நிற்கும் தெருவில், மணி ஆக ஆக வெயில் இறங்கும்போது கண்டுபிடித்திருக்க வேண்டிய சிக்கல், ஒரு ஆபீஸ் ரூமில் டீ குடித்துக்கொண்டே தீர்ந்துவிட்டது. நமக்குச் சம்பளம் அதற்குத்தான்.

ஆகவே ஃப்ரேம்களை (ஸ்டோரிபோர்டில் வரும் ஒவ்வொரு படத்தையும்) வரையும் முன்பு மேலிருந்து பார்க்கும் தரைப்படம் ஒன்று போடுவேன். தெரு, கடை, ஆட்கள் நிற்கும் இடம், அம்புக்குறியில் ஓடும் திசை, வி எழுத்து மாதிரி கேமரா இருக்கும் இடங்கள். அழகே இல்லாத படம். ஆனால் கேமராமேன்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான்.

வழக்கமான வரிசை இது. டைரக்டர் சீனைச் சொல்வார், சில சமயம் கோ-டைரக்டர் ஷாட் பிரேக்டவுன் கொடுப்பார், பல சமயம் எதுவுமே எழுத்தில் இருக்காது. கேட்டுக்கொண்டே தீப்பெட்டி அளவுக்கு கிறுக்கலாகப் போட்டுக்கொண்டே போகணும். அங்கேயே ஷாட் வரிசை உறுதியாகிவிட்டால் வீட்டுக்கு வந்து சுத்தமாக வரையலாம். லொகேஷன் முடிவாகியிருந்தால் போட்டோக்களை வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லாத தூணை வரைந்து வைத்தால் பிறகு எல்லோரும் அந்தத் தூணைத் தேடுவார்கள். ஸ்கோப் படமென்றால் ஃப்ரேம் 2.39க்கு 1. அகலமான கட்டம். காமிக்ஸ் பழக்கத்தில் உயரமான கட்டத்தில் வரைந்துவிட்டு "இதை வெட்டிக்கலாம்" என்று கொடுத்தால் முதல் நாளே மரியாதை போய்விடும். லென்ஸும் தெரிந்திருக்க வேண்டும். 24 எம்.எம்.மில் பின்னணி எப்படி விரியும், 85இல் எப்படி ஆளோடு ஒட்டிக்கொண்டு வரும் என்பது கோட்டிலேயே தெரிய வேண்டும். கேமரா நகர்வதற்கு ஒரு வகை அம்பு, ஆள் நகர்வதற்கு வேறு வகை அம்பு. இரண்டையும் ஒரே மாதிரி போட்டால் அசிஸ்டன்ட் டைரக்டர்கள் போன் மேல் போன் போடுவார்கள்.

வேகம் பற்றி: சுத்தமான பென்சில் ஃப்ரேம் என்றால் ஒரு நாளைக்குப் பதினைந்திலிருந்து இருபது வரை எனக்கு வரும், கூட்டக் காட்சி என்றால் அதில் பாதி. முரட்டுக் கிறுக்கல் என்றால் நாற்பது ஐம்பதுகூடப் போகும். ஒரு துரத்தல் சீன் அறுபது எழுபது ஃப்ரேமைச் சாதாரணமாகத் தாண்டிவிடும். "நாளைக்குக் காலையில வேணும்" என்று இரவு ஒன்பது மணிக்குச் சொல்வார்கள், அது இந்த ஊர் வழக்கம். கழுத்தும் மணிக்கட்டும் முப்பது வயதிலேயே பேச ஆரம்பிக்கும். நல்ல நாற்காலிக்குச் செலவு செய்யுங்கள்.

படத்தின் எல்லா சீனுக்கும் போர்டு போடுவார்கள் என்று நினைக்க வேண்டாம். இங்கே வீட்டுக்குள் நடக்கும் வசனக் காட்சிகளுக்கு யாரும் போடுவதில்லை. பாட்டை டான்ஸ் மாஸ்டர் பார்த்துக்கொள்வார். சண்டையிலும் நிலைமை மாறிவருகிறது, ஸ்டண்ட் மாஸ்டர்கள் தங்கள் பசங்களை வைத்து போனிலேயே ஷூட் செய்து, எடிட் பண்ணி டைரக்டரிடம் காட்டிவிடுகிறார்கள். அது நம் படத்தைவிடத் தெளிவாகவே இருக்கிறது, பொய் சொல்லக் கூடாது. நமக்கு நிற்பவை வி.எஃப்.எக்ஸ். (கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ்) காட்சிகள், விலங்கு வரும் காட்சிகள், பெரும் கூட்டம், விபத்து, சரித்திரப் போர், ஹீரோ அறிமுகம். வி.எஃப்.எக்ஸ்.தான் இன்றைக்கு நமக்குச் சோறு போடுகிறது. கம்பெனிகள் ஷாட் கணக்கில் விலை சொல்வதால், எத்தனை ஷாட், எதில் கேமரா நகர்கிறது, எதில் க்ரீன் மேட் (பின்னணியைப் பிறகு மாற்றுவதற்கான பச்சைத் திரை), எவ்வளவு பின்னணி கட்ட வேண்டும் என்பதற்குப் போர்டுதான் அடிப்படை. நாம் சும்மா அழகுக்குப் போட்ட ஒரு ட்ராலி அம்பு, அங்கே யாரோ ஒருவர் செலவுக் கணக்கில் ஏறிவிடும்.

உலக அளவில் இதன் வரலாறு அனிமேஷனில் தொடங்குகிறது. 1930களின் தொடக்கத்தில் டிஸ்னி ஸ்டூடியோவில் வெப் ஸ்மித் என்பவர் கதைப் படங்களைத் தனித்தனித் தாளில் வரைந்து பலகையில் குத்தி வரிசைப்படுத்தியதாகச் சொல்வார்கள். பிடிக்காததைப் பிடுங்கிவிட்டு வேறொன்றைக் குத்தலாம் என்பதுதான் அதன் சௌகரியம், நாம் இன்றைக்கு டேப்லெட்டில் செய்வதும் அதையேதான். நம் நாட்டில் சத்யஜித் ராயை எடுத்துக்கொள்ளுங்கள். விளம்பர நிறுவனத்தில் ஓவியராக இருந்தவர், 1955இல் வந்த 'பதேர் பாஞ்சாலி'க்காக ஒரு நோட்டு நிறையக் காட்சிகளை வரைந்து வைத்து, அதைக் காட்டித்தான் தயாரிப்பாளர்களிடம் படத்தை விளக்கப் பார்த்தார். அந்த வழக்கம் இப்போது பெரிய சந்தையாகிவிட்டது. முதல் படம் பண்ணப்போகும் டைரக்டர்கள் தயாரிப்பாளரிடமும் ஹீரோவிடமும் கதை சொல்லப் போகும்போது பத்துப் பதினைந்து கலர் ஃப்ரேம் கையோடு கொண்டுபோகிறார்கள். ஆனால் அந்த டைரக்டர் தன் கைக்காசிலிருந்துதான் உங்களுக்குக் கொடுப்பார், "படம் ஓகே ஆனதும் முழுப் படமும் நீங்கதான்" என்பார். பாதிப் படங்கள் ஓகே ஆவதில்லை. ஓகே ஆனாலும் கம்பெனி வேறு ஆளைக் காட்டலாம். நண்பருக்குச் செய்வதானால் செய்யுங்கள், வாக்குறுதிக்காகச் செய்ய வேண்டாம்.

மறுகோடியில் ஜார்ஜ் மில்லரின் 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட்'. சுமார் 3,500 ஃப்ரேம்கள், வழக்கமான திரைக்கதைக்குப் பதிலாகப் போர்டையே வைத்து அந்தப் படத்தைத் திட்டமிட்டார்கள். அப்படி ஒரு படம் ஒரு ஓவியருக்கு வாழ்நாளில் ஒருமுறை கிடைத்தால் போதும். நமக்குக் கிடைப்பது மூன்று சீன், ஐந்து சீன்.

சரி, பணம். மூன்று விதமாகப் பேசுவார்கள்: ஃப்ரேமுக்கு இவ்வளவு, நாளுக்கு இவ்வளவு, மொத்தமாக இவ்வளவு. புதியவர்கள் ஃப்ரேம் கணக்கில்தான் ஏமாறுகிறார்கள். ஐம்பது ஃப்ரேம் என்று பேசி முடிப்பார்கள், ஐம்பதும் போன பிறகு டைரக்டர் சீனையே மாற்றுவார். மாற்றிய முப்பது ஃப்ரேம் கணக்கில் வருமா? "அது கரெக்‌ஷன் தானே" என்பார் மேனேஜர். கரெக்‌ஷன் என்பது கை கொஞ்சம் மேலே, கேமரா கொஞ்சம் கீழே. சீன் மாறுவது புது வேலை. இதை வேலை தொடங்கும் முன்பே வாட்ஸ்அப்பிலாவது எழுதிவிடுங்கள்: இரண்டு சுற்றுத் திருத்தம் இலவசம், அதற்கு மேல் தனி. டைரக்டரோடு உட்காரும் நாட்களுக்குத் தனி நாள் சம்பளம் கேளுங்கள். முதலில் முறைப்பார்கள். ஆனால் உண்மையான வேலை அங்கேதான் நடக்கிறது, வீட்டில் நடப்பது நகலெடுப்புதான். மொத்தத் தொகை என்றால் எத்தனை சீன் என்று பெயர் சொல்லி எழுதாமல் ஒத்துக்கொள்ளவே கூடாது.

ஷூட்டிங்குக்கு முன்பே வேலை முடிவதால், பணமும் ஷூட்டிங்குக்கு முன்பே முடிந்தாக வேண்டும். என் வழக்கம் சாதாரணமானது. பாதி அட்வான்ஸ். ரஃப் எல்லாவற்றையும் சின்ன அளவில், குறுக்கே பெயர் போட்டு பி.டி.எஃப்.ஆக அனுப்புவேன். மீதி வந்ததும் முழு அளவு ஃபைல். பெரிய கம்பெனி, தெரிந்தவர்கள், அவசரம் என்று இதைத் தளர்த்தச் சொல்லிப் பேசுவார்கள். "ரிலீஸ் அப்போ பார்த்துக்கலாம்" என்பது இந்த ஊரில் "இல்லை" என்பதன் மரியாதையான வடிவம். ஒரு கம்பெனி என் பாக்கியை இரண்டாவது படம் தொடங்கும்போது தந்தது, அதுவும் அந்தப் படத்துக்கும் நான் தேவைப்பட்டதால்.

சட்டத்திலும் ஒரு சின்னப் பிடி இருக்கிறது, நம் ஆட்கள் பலர் பயன்படுத்துவதில்லை. உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு, இலவசம், ஆன்லைனில் முடிந்துவிடும். குறு நிறுவனமாகப் பதிந்துகொண்டால், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது விதி. 2024 ஏப்ரலிலிருந்து, அந்தக் கெடு தாண்டினால் கொடுக்கும் வரை அந்தத் தொகையைக் கம்பெனி தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. பில்லில் உத்யம் எண்ணைப் போட்டு அனுப்புங்கள். யாரையும் மிரட்ட வேண்டாம், ஆடிட்டரே மேனேஜரைக் கேட்பார். தொழில்முறைக் கட்டணம் என்று 10 சதவீதம் டி.டி.எஸ். (பணம் தரும்போதே கழிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள். வருமானம் குறைவு என்று ரிட்டர்ன் போடாமல் விட்டால் அந்தப் பணம் அரசிடமே தங்கிவிடும். முதல் வருஷங்களில் அது ஒரு மாத வாடகைக்கு மேலேயே வரும், விட்டுவிடாதீர்கள்.

சங்கம் பற்றியும் கேட்பீர்கள். அமெரிக்காவில் லைவ்-ஆக்‌ஷன் படத்துக்கு வரைபவர்கள் ஆர்ட் டைரக்டர்களோடு ஒரே சங்கத்தில், லோக்கல் 800இல் இருக்கிறார்கள். குறைந்தபட்சச் சம்பளம், ஓவர்டைம் எல்லாம் அங்கே எழுத்தில் உண்டு. இங்கே பாக்கி வராவிட்டால் நமக்கு இருப்பது நம் போன் ஒன்றுதான். ஆனால் ஸ்ட்ரைக் வந்தால் மட்டும் எல்லோரையும்போல நாமும் சும்மா உட்கார வேண்டும். 2018 மார்ச், ஏப்ரலில் தயாரிப்பாளர்கள் வேலையை நிறுத்தியபோது அப்படித்தான் ஆனது.

வேலை வரும் காலத்திலும் ஒரு கணக்கு உண்டு. ஆடியில் யாரும் பூஜை போட மாட்டார்கள், சினிமாக்காரர்கள் ஆடியை மந்தம் என்பார்கள். நமக்கு நேர்மாறு. ஆவணியில் தொடங்கப்போகும் படத்துக்கு ஆடியில்தான் டிஸ்கஷன் நடக்கும், அப்போதுதான் கூப்பிடுவார்கள். மார்கழியும் அப்படியே. யூனிட் ஆட்களுக்கு வேலை குவியும் மாதங்களில் நாம் விளம்பரப் படங்களைத் தேட வேண்டும்.

விளம்பரத்தில் பணம் சீக்கிரம் வரும், ஃப்ரேமுக்குக் கொஞ்சம் அதிகமாகவும் வரும். அங்கே இரண்டு வகை போர்டு. ஏஜென்சி, க்ளையன்ட்டிடம் ஒப்புதல் வாங்கப் போடுவது ஒன்று. கலராக, பளிச்சென்று, எல்லோரும் சிரித்துக்கொண்டு இருக்கும். டைரக்டர் ஷூட்டிங்குக்காகப் போடுவது இன்னொன்று. முதலாவதில் ஓவியம் விற்கிறது, இரண்டாவதில் யோசனை விற்கிறது.

ஏ.ஐ. கேள்விக்கு விடை இந்தப் பிரிவில்தான் இருக்கிறது. முதல் வகை வேலையை ஏ.ஐ. ஏற்கெனவே தின்ன ஆரம்பித்துவிட்டது. "கடற்கரை, மாலை, மஞ்சள் சேலையில் ஒரு பெண்" என்று தட்டினால் படம் வந்துவிடுகிறது, க்ளையன்ட்டுக்கு அது போதும். டைரக்டர்களும் இப்போது ஏ.ஐ. படங்களை ரெஃபரன்ஸாகக் கொண்டுவருகிறார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை, முன்பு வெளிநாட்டுப் படத்து ஸ்டில்லைக் கொண்டுவந்தார்கள். ஆனால் மேலே சொன்ன சௌகார்பேட்டை சீனில் கடை எந்தப் பக்கம் என்று அது கேட்காது. அழகான இருபது படம் கொடுக்கும், இருபதிலும் தெரு வேறு வேறாக இருக்கும், ஷட்டர் இடம் மாறிக்கொண்டே இருக்கும். இதுவும் நாளைக்குச் சரியாகலாம். அப்போதும் டைரக்டரின் எதிரே உட்கார்ந்து "இது இடிக்குதே சார்" என்று சொல்ல ஆள் வேண்டும் என்பது என் கணிப்பு. வரைவது மட்டும்தான் உங்கள் பலம் என்றால் இதில் இறங்காதீர்கள் என்றே சொல்வேன்.

இறங்குவதென்றால், இந்தக் கடைசி ஆண்டில் செய்ய வேண்டியது: ஏதாவது ஒரு படத்தின் ஐந்து நிமிஷத்தைச் சத்தமில்லாமல் ஓட்டி, ஷாட் மாறும் ஒவ்வொரு ‘கட்’டுக்கும் ஒரு சின்னப் படம் போடுங்கள். கூடவே தரைப்படமும். கேமரா எங்கே இருந்தது என்று நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். மாதம் முழுக்க இதைச் செய்தால் கல்லூரியில் யாரும் சொல்லித்தராதது கைக்கு வந்துவிடும். அப்புறம் எடிட்டிங் கொஞ்சம் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் ஃப்ரேம்களை நீங்களே டைம்லைனில் போட்டு, தற்காலிகச் சத்தம் வைத்து அனிமேட்டிக் ஓட்டினால் எந்த ஷாட் தேவையில்லை என்று தெரியும். மென்பொருள் பற்றிக் கவலை வேண்டாம். புரோகிரியேட், போட்டோஷாப், டூன் பூம் ஸ்டோரிபோர்டு புரோ எல்லாம் புழக்கத்தில் இருக்கின்றன, காசில்லாவிட்டால் பிளெண்டர் இலவசம். பிளெண்டரில் எளிய பெட்டிகளை வைத்து லென்ஸ் மாற்றிப் பார்க்கலாம் என்பது பெரிய லாபம்.

காட்டுவதற்கு மூன்று சீன் போதும். ஒன்று துரத்தல், ஒன்று கூட்டம், மூன்றாவது நான்கு பேர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பேசுவது. டைரக்டர்கள் கவனிப்பது மூன்றாவதைத்தான். யார் யாரைப் பார்க்கிறார்கள் என்பது அதில் தப்பினால் எல்லாம் தப்பும். வேலை செய்த படங்களின் போர்டைப் படம் வரும்வரை யாருக்கும் காட்டக் கூடாது, இன்ஸ்டாகிராமில் ஒரு ஃப்ரேம் போட்டதற்கே வேலை போனவர்கள் உண்டு. அதனால் சொந்தமாகச் செய்த சீன்கள் எப்போதும் கையில் இருக்கட்டும். ஒப்பந்தத்தில் டைட்டில் கார்டில் பெயர், ரிலீஸுக்குப் பின் போர்டைக் காட்ட அனுமதி, இரண்டையும் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். இதற்குக் காசு கேட்பதில்லை என்பதால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

சென்னைக்கு வந்தே ஆக வேண்டுமா என்றால், முதல் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஆமாம். சாலிகிராமம், வளசரவாக்கம், விருகம்பாக்கம் பக்கம் அறை எடுத்தால் பல ஆபீஸ்களுக்கு பைக்கிலேயே போய்வரலாம். டைரக்டர்களைத் துரத்துவதைவிட கோ-டைரக்டர்களிடமும் கேமராமேன்களின் அசிஸ்டன்ட்களிடமும் பழகுங்கள். ஸ்டோரிபோர்டுக்கு ஆள் வேண்டும் என்றால் போன் போடுவது அவர்கள்தான், சில வருஷத்தில் டைரக்டராகவும் கேமராமேனாகவும் ஆகப்போவதும் அவர்களில் சிலர்தான். பழகிய பிறகு ஊரில் இருந்துகொண்டே வீடியோ காலில் வேலை பார்க்கலாம், எனக்குத் தெரிந்தவர்கள் பார்க்கிறார்கள். ஆறு மாதச் செலவுக்குப் பணம் சேர்த்துக்கொண்டு, முடிந்தால் ஆனி மாதக் கடைசியில் வந்து சேருங்கள்.